பழைய காலண்டரைக் கழற்றும் முன்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். வயது 38. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான அப்பா. எட்டு வருடமாக ஜனவரி 1-ம் தேதி புது டைரியில் தீர்மானங்கள் எழுதுகிறீர்கள்: தினமும் காலை ஐந்தரைக்கு நடை, சர்க்கரையை நிறுத்துவது, மாதம் 5,000 ரூபாய் சேமிப்பு, பிள்ளைகளிடம் கோபப்படக் கூடாது, அப்பாவோடு நேரம் செலவழிப்பது. பொங்கல் கழிவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. இந்த முறை டைரியே வாங்கவில்லை. "நம்மையே வதைத்துக்கொள்ளாமல், மொத்த வாழ்க்கையையும் சேர்த்து யோசித்து, வருடத்தைத் திட்டமிட வழி இருக்கிறதா? இல்லை, அதுவும் சோம்பேறிகளின் சாக்குதானா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். எட்டு வருடம் முடியாமல் போனதால் தன்னிடமே ஏதோ கோளாறு என்று ஒருவர் நம்பத் தொடங்கிவிட்டால், எந்த வழியைச் சொன்னாலும் அது ஒன்பதாவது தோல்வியாகத்தான் போய்ச் சேரும். திங்கள் இரவுச் சந்தை வேலை முடித்து செவ்வாய் காலை வீடு திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து வருடமாக அப்படி உழைக்கும் ஒருவரை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். நீங்களும் உங்களைச் சொல்லக் கூடாது.

திருச்சியில் 19 வருடமாக உளவியல் ஆலோசனை பார்க்கிறேன். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை என்னிடம் வருபவர்களில் பலர் இந்தப் பேச்சோடுதான் வந்து உட்காருவார்கள். ஆய்வில் நிறுவப்பட்டது எது, என் அனுபவத்தில் மட்டும் பார்த்தது எது என்று பிரித்தே எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாகக் கலக்கினால் எதை நம்பிக் கால் வைப்பது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

தீர்மானம் எடுப்பதே வீண் என்று நான் சொல்லப் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரி மாற்றத்தை விரும்பியவர்களில், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களையும் ஆறு மாதம் கழித்து விசாரித்தார்கள். தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களில் 4 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்பதால் அந்த 46-ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் இடைவெளி பெரியது. ஆகவே டைரி வாங்காமல் விட்டதோடு நின்றுவிட்டால் அது தீர்வாகாது. உங்கள் விருப்பம் சரியாகத்தான் இருக்கிறது. அதை எழுதிய விதமும் எழுதிய நாளும்தான் சரியில்லை.

விதம் பற்றி ஸ்வீடனில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட, 2020-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது: 'இதைச் செய்வேன்' என்ற மாதிரி இலக்கு வைத்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்துத் தங்களை வெற்றி பெற்றவர்களாகக் கருதினார்கள். 'இதை விடுவேன், தவிர்ப்பேன்' என்று வைத்தவர்களில் சுமார் 47. உங்கள் ஐந்து வரிகளில் இரண்டு 'நிறுத்துவது', 'கூடாது' என்று முடிகின்றன. கோபப்படக் கூடாது என்பது இரவு ஒன்பதரைக்கு, பசியோடு, பையனின் வீட்டுப்பாடம் முடியாத நோட்டு கண்ணில் படும்போது, கையில் எதையும் தருவதில்லை. "கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, பத்து நிமிடம் மொட்டை மாடியில் நின்றுவிட்டுப் பிறகுதான் பிள்ளைகளின் நோட்டைத் தொடுவேன்" என்றால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று இடத்தோடும் நேரத்தோடும் முன்கூட்டியே முடிவு செய்வதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வு முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இப்படிச் செய்தவர்கள் வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். நான் நிச்சயமாகப் பரிந்துரைக்கும் சிலவற்றில் இதுவும் ஒன்று.

அடுத்து அந்த 21 நாள் கணக்கு. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் 1960-ல் எழுதிய புத்தகத்தில், தன் நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று சொல்லியிருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பழக்கத்தை நேரடியாக அளந்தவர்கள் லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர். 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்டார்கள். சாப்பிடும்போது ஒரு பழம், இரவு உணவுக்கு முன் சிறிது ஓட்டம் என்று அவரவர் தேர்ந்தெடுத்த ஒரு காரியம் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அந்த 254 என்பது 12 வாரத்தில் கண்ணால் பார்த்தது கிடையாது, போக்கை வைத்துப் போட்ட மதிப்பீடு. எப்படியிருந்தாலும் ஜனவரி 1-ல் தொடங்கி பொங்கலுக்குள் நின்றுபோன உங்கள் நடைக்கு வயது இரண்டு வாரம்கூட இல்லை. பழக்கமாவதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. இதை என்னிடம் வருகிறவர்களிடம் சொல்லும்போது சிலர் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோரைக் கெடுப்பது விட்டுப்போன அந்த ஒரு நாள் கிடையாது. மறுநாள் மனசு சொல்லும் பேச்சு. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற பேச்சு. குடியை நிறுத்தியவர்களிடம் ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் கண்டார். ஒரு முறை சறுக்கியதும் "நான் அவ்வளவுதான்" என்று முடிவு கட்டுகிறவர்களே முழுவதுமாகத் திரும்பிப் போகிறார்கள். எனவே ஒரு திட்டத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு இணையாக, விட்டுப்போனால் எப்படித் திரும்பி வருவோம் என்பதும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் எட்டு டைரிகளிலும் அந்த வரி இருந்திருக்காது.

மன உறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெட்ரோல் மாதிரி, காலையில் நிறைய இருக்கும், மாலைக்குள் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். 1990-களின் கடைசியில் வந்த சோதனைகளை வைத்துப் பரவிய கருத்து இது. 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அப்படிப்பட்ட ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம்தான் வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. அதனால் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். கனவு வீடு, கனவு உடம்பு என்று படங்களை வெட்டி ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளரின் ஆய்வுகளில், நினைத்தது நடந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருந்தவர்கள் முயற்சியில் பின்தங்கினார்கள். ஆசையையும் அதற்குக் குறுக்கே நிற்பதையும் சேர்த்தே யோசித்தவர்கள் முன்னேறினார்கள்.

சரி, சாக்குதானா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2012-ல் வெளியான ஆய்வு இது. கஷ்டமான சொல்வளத் தேர்வு ஒன்றைக் கொடுத்து மாணவர்களைத் திணற வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம், இது எல்லாருக்கும் கஷ்டமான தேர்வுதான், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். பிறகு அடுத்த தேர்வுக்கு விரும்பிய நேரம் வரை படிக்கலாம் என்று விட்டபோது, அப்படிப் பரிவாக நடத்தப்பட்டவர்களே அதிக நேரம் படித்தார்கள். பரிவு காட்டினால் மனிதன் தளர்ந்துவிடுவான் என்ற பயம் நம் வீடுகளில் பரம்பரையாக இருக்கிறது. என் அனுபவமும் அந்தப் பயத்துக்கு எதிராகவே இருக்கிறது. தன்னைத் திட்டிக்கொள்கிறவர்கள் பழைய டைரியைத் திறந்து பார்க்கவே அஞ்சுகிறார்கள். பார்க்காமல் எதைத் திருத்துவது?

இதற்கு மேல் நான் சொல்லும் முறை என் அறையில் பழகி வந்தது. இதை யாரும் சோதனை வைத்து நிறுவவில்லை. என்னிடம் வருபவர்கள் மாற விரும்பி, பஸ் ஏறி வருபவர்கள் என்பதால் அவர்களுக்குப் பயன்பட்டது எல்லாருக்கும் பயன்படும் என்றும் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எல்லா வீட்டிலும் சமையலறைச் சுவரிலோ ஃப்ரிட்ஜ் பக்கத்திலோ ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பன்னிரண்டு தாளும் கிழியாமல் ஒன்றின் பின் ஒன்றாக மடிந்திருக்கும். புது வருடம் வந்ததும் அதைக் கழற்றி, போகியன்று பழசோடு பழசாகப் போட்டுவிடுவோம். இந்த முறை போடாதீர்கள். போன வருடம் உங்கள் வீடு எப்படி வாழ்ந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே உண்மையான கணக்கு அதுதான். டைரியில் இருப்பதெல்லாம் ஜனவரி 1-ம் தேதி இரவு நீங்கள் ஆசைப்பட்டது. காலண்டரில் இருப்பது நடந்தது.

ஒரு பெண்ணின் காலண்டரைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி மாற்றித்தான். வங்கி ஊழியர், நாற்பது வயது. நான்கு வருடமாகக் காலை நடையைத் தொடங்கித் தொடங்கி விட்டவர். காலண்டரை மேசையில் விரித்தோம். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி. சிலிண்டர் வந்த தேதிக்கு வட்டம். வேலைக்கார அம்மா வராத நாளுக்கு 'லீ'. மாமியாருக்கு டாக்டர் என்று பச்சை மையில். ஜூலைத் தாளில் மஞ்சள் கறை படிந்த விரல் ரேகை ஒன்று. மார்ச்சில் ஒரு வாரம் முழுக்க எதுவுமே இல்லை. கேட்டதற்கு, வங்கியில் கணக்கு வருடக் கடைசி, வீட்டுக்கு வரும்போது பத்து மணி, எழுத யாருக்கு நேரம் என்றார். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த வீட்டில் விளக்கு எப்போது அணைகிறது? பையனின் டியூஷன் எட்டரைக்கு முடிகிறது. சாப்பாடு ஒன்பதே முக்கால். பாத்திரம் முடியப் பத்தே முக்கால். அப்புறம் நாள் முழுவதும் கிடைக்காத தனிமை ஃபோனில் பன்னிரண்டு வரை. ஐந்தரைக்கு எழ முடியாததில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது?

நடையை நாங்கள் தொடவே இல்லை. மறுநாள் காய்கறியை மாலையிலேயே நறுக்கி வைப்பது, இரவுப் பாத்திரத்தைக் கணவர் எடுத்துக்கொள்வது என்ற இரண்டு மட்டும் மாறின. இரண்டாவதற்கு வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டியிருந்தது, அது சுலபமாக இருக்கவில்லை. தூக்கம் பதினொன்றுக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து அவராகவே சாயங்காலம் ஒரு நிறுத்தம் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கினார். காலை நடை இன்றுவரை இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு. காலையில்தான், தினமும்தான், ஒரே மூச்சில்தான் என்று அது சொல்லவில்லை. மொத்த வாழ்க்கையையும் சேர்த்து யோசிப்பது என்று நீங்கள் எழுதியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நடை என்பது கால் சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியும். முடிச்சு பாத்திரம் தேய்க்கும் இடத்தில் இருக்கும்.

இனி உங்கள் வருடம். ஜனவரி 1 உங்களுக்கு ஏற்ற தொடக்க நாளே கிடையாது. ஜவுளிக் கடையில் டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும் பொங்கல் வியாபாரம். வருடத்தின் மிக நெருக்கடியான இரண்டு வாரங்களில் ஐந்து புது வேலைகளை ஏற்றிவிட்டு, பொங்கலுக்குள் நின்றுவிட்டது என்று எட்டு வருடமாக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கணக்குப் பார்க்கிறவருக்கு வருடமே ஏப்ரல் 1-ல்தான் பிறக்கிறது. புதுத் தொடக்கம் என்ற உணர்வு மனிதனுக்கு ஒரு தள்ளு கொடுக்கும் என்பது 2014-ல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் தெரிகிறது. ஆனால் புத்தாண்டில் மட்டும் அது வரவில்லை. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளை அடுத்த நாட்கள் என்று எல்லாவற்றிலும் அந்தத் தள்ளு இருந்தது. நமக்கோ தை 1 இருக்கிறது, சித்திரை 1 இருக்கிறது, ஆடிப் பதினெட்டு இருக்கிறது. உங்களுக்கு நான் சித்திரையைத்தான் சொல்வேன்.

வருடத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பார்க்காமல், நம் பழைய ஆறு பருவமாகப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு பருவம், ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு காரியம். இரண்டு மாதம் என்பது 60 நாள். அந்த லண்டன் ஆய்வின் 66-க்குப் பக்கத்தில் வருவது தற்செயல்தான், ஆனாலும் வசதியான தற்செயல். முன்பனியில், அதாவது மார்கழி, தையில், எதையும் தொடங்காதீர்கள். பொங்கல் வியாபாரம் முடிந்து மூச்சு வந்ததும் ஒரு ஞாயிறு மதியம் மனைவியோடு உட்கார்ந்து காலண்டரைப் பாருங்கள், அவ்வளவு போதும். எந்த வாரம் வீட்டில் எல்லாருக்கும் முகம் சுருங்கியிருந்தது, எந்த வாரம் சிரிப்பு இருந்தது, அந்த வாரத்தில் என்ன நடந்தது, அப்பா எத்தனை முறை டாக்டரிடம் போனார், கூட யார் போனது என்று பேசுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். நமக்கு மறந்துபோனதை அவர்கள் தேதியோடு சொல்வார்கள்.

பின்பனியில், அதாவது மாசி, பங்குனியில், உங்களுக்கு வருடக் கணக்கு முடிப்பு, பிள்ளைகளுக்குத் தேர்வு, ஊரில் மாரியம்மன் பண்டிகை. இதில் தூக்கத்தை மட்டும் பாதுகாத்தால் போதும். சந்தை இரவு போக மற்ற இரவுகளில் பதினொன்றுக்குள் படுப்பது என்ற ஒன்றே அந்தப் பருவத்தின் காரியம். சித்திரையில் கணக்கு முடிந்திருக்கும், பிள்ளைகளுக்கு விடுமுறை, வெயிலில் காலை ஆறு மணி ஒன்றுதான் குளிர்ச்சியான நேரம். நடையை அப்போது தொடங்குங்கள், பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. செவ்வாய்க்கிழமையை ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தை முடித்து வந்தவர் தூங்கட்டும். எட்டு வருடமும் 'தினமும்' என்று எழுதியதால் ஒவ்வொரு செவ்வாயும் உங்களுக்கு ஒரு தோல்வியாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனியில் பள்ளிக் கட்டணம், ஆடியில் தள்ளுபடி வியாபாரம். பணம் கையில் நிற்காத பருவம் என்பதால் அப்போது சேமிப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், எங்கே போகிறது என்று மட்டும் எழுதி வாருங்கள். ஊருக்கே கணக்கு எழுதும் நீங்கள் வீட்டுக் கணக்கை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று யூகிக்கிறேன், பலர் அப்படித்தான். ஆவணியில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆர்.டி., சம்பளம் வரும் மறுநாளே தானாகப் பிடிக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மனசு ஒத்துழைக்க வேண்டிய அவசியமே இருக்காது, ஆகவே அதை அந்தப் பருவத்தின் காரியமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 5,000-த்தைப் பிறகு பார்க்கலாம். புரட்டாசியில் உங்கள் வீட்டில் கவிச்சி நிறுத்துவீர்கள் என்றால் சாப்பாடு எப்படியும் மாறுகிறது. டீயில் சர்க்கரையைக் குறைப்பதை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி முடிந்த பிறகு வரும் கார்த்திகை அப்பாவுக்கு.

இவை எல்லாம் உங்கள் கேள்வியிலிருந்து நான் ஊகித்தவை. காலண்டர் வேறு மாதிரி சொன்னால் காலண்டர் சொல்வதையே கேளுங்கள். அந்தந்தப் பருவத்துக்கு ஒரு அட்டையில் மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும். என்ன செய்யப் போகிறேன், எதற்குப் பிறகு எந்த இடத்தில் செய்வேன், விட்டுப்போனால் எப்படித் திரும்புவேன். மூன்றாவது வரியை முடிந்தவரை சிறியதாக எழுதுங்கள். "இரண்டு நாள் நடக்காவிட்டால் மூன்றாம் நாள் தெருமுனை வரை போய் வருவேன்." "பன்னிரண்டுக்குப் படுத்தால் மறுநாள் ஃபோனை ஹாலில் வைத்துவிட்டுப் படுப்பேன்." திரும்பி வருவதற்கு அபராதம் வைக்காதீர்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் நடப்பேன் என்று எழுதியவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், வைகாசியில், என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக வேண்டும். அந்தப் பருவத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது தினமும் ஒரு மணி நேரப் படிப்பு. அட்டையை எடுத்து அதை அடித்துவிட்டு, "அம்மாவோடு காலையும் மாலையும் கூடத்தில் பத்து நடை" என்று எழுதினேன். முதல் நாள் நான்கு எட்டு வைத்தார். கை நடுங்கியது, என்னுடையதும் நடுங்கியது. ஆவணிக்குள் வாசல் வரை வந்து கோலத்தைப் பார்த்தார். ஒரு வருடத் தீர்மானமாக எழுதியிருந்தால் அதை உடைந்துபோன வருடம் என்றுதான் எண்ணியிருப்பேன். இரண்டு மாத அட்டை என்பதால் ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்தது.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு, அவற்றைத் தாண்டி நான் போகக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருக்கிறது, பிடித்ததில்கூட ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது திட்டமிடல் பிரச்சினை கிடையாது. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்து, புத்தாண்டு முதல் ஒரே அடியாக நிறுத்தப் போகிறேன் என்று இருந்தால், தயவு செய்து மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பல வருடம் குடித்த உடம்பில் திடீரென நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகலாம். அதே போல, 'சர்க்கரையை நிறுத்துவது' என்று நீங்கள் எழுதியது டீயில் போடும் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைச் சட்டென்று குறைக்கும்போது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். கடன், வேலை இழப்பு, வீட்டில் அடிதடி போன்றவற்றுக்கும் அட்டையும் பேனாவும் போதாது. அங்கே தேவைப்படுவது வெளியிலிருந்து வரும் உதவி.

டைரி வாங்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். புதுச் சட்டையின் மடிப்புக்குள் வைக்கும் அட்டை கடையில் எத்தனையோ கிடக்கும், அதில் ஒன்றை எடுத்து வந்தால் ஆறு பருவத்துக்கும் ஆறு துண்டு வெட்டிக்கொள்ளலாம். முதல் துண்டில் இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம். பொங்கல் வியாபாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலண்டரைப் பார்த்துவிட்டு, அதில் என்ன தெரிந்தது என்று முடிந்தால் இங்கே வந்து எழுதுங்கள். அப்பாவுக்கு என்று கார்த்திகையை ஒதுக்கச் சொன்னேன். அவர் உடல்நிலை அவ்வளவு தூரம் காத்திருக்க விடாது என்றால் வரிசையை மாற்றி அவரை முதலில் வையுங்கள்.